ஸ்கேலை உடையுங்கள்

2024 ஜனவரியில் 'அசர்' அறிக்கை வெளியானது. நாடு முழுக்க 28 மாவட்டங்களில், கிராமப்புறத்தில் வாழும் 14 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளிடம் 2023இல் எடுத்த கணக்கு அது. வகுத்தல் கணக்கில் பாதிப்பேருக்கு மேல் திணறுகிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் செய்தியாக ஓடியது. நான் பேச வந்தது அதே அறிக்கைக்குள் இருக்கும் இன்னொரு கேள்வியைப் பற்றி. ஸ்கேல் பக்கத்தில் ஒரு பொருள் இருக்கிறது, அதன் நீளத்தைச் சொல்ல வேண்டும். பொருளின் ஒரு முனை சுழியத்தில் இருந்தபோது ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். சுழியத்தை விட்டு வேறோர் எண்ணில் தொடங்கும்படி நகர்த்தி வைத்ததும் அது 39 சதவீதமாக விழுந்துவிட்டது.

இந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் காணாமல்போனவர்கள் நூற்றுக்கு 46 பேர். அவர்களுக்கு ஸ்கேல் தெரியும், சென்டிமீட்டர் என்ற சொல் தெரியும், கழித்தல் பாடத்தை எப்போதோ தாண்டி வந்தவர்கள். அப்புறம் என்ன நடந்தது? அவர்கள் முதல் கேள்வியிலும் அளக்கவில்லை. பொருள் முடிகிற இடத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்துச் சொன்னார்கள், வாசலில் நின்று வீட்டு எண்ணைப் படிப்பதுபோல. சுழியத்தில் தொடங்கியதால் அது சரியான விடையாக அமைந்துவிட்டது. அவ்வளவுதான்.

"கிராமத்துப் பிள்ளைகள், பாவம்" என்று உச்சுக்கொட்ட வேண்டாம். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டு தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் நான்காம் வகுப்புக்கு இதே மாதிரி ஒரு கேள்வி வந்தது. ஒரு பல்குத்தும் குச்சி, ஸ்கேலில் 8இல் தொடங்கிப் பத்தரையில் முடிகிறது. நீளம் எவ்வளவு? பெரும்பாலானவர்கள் தவறவிட்டார்கள். சிலர் பத்தரை என்றார்கள், அது முடிகிற இடத்து எண். சிலர் மூன்றரை என்றார்கள். மூன்றரை எங்கிருந்து வந்தது? 8, 9, 10 என்று மூன்று கோடுகளை எண்ணி, மிச்சத்துக்கு ஓர் அரையைச் சேர்த்துக்கொண்டார்கள். பத்தரையைவிட எனக்கு இந்த மூன்றரைதான் முக்கியம். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் குற்றச்சாட்டு இதுதான்: அளத்தல் என்றால் என்ன என்று தெரிவதற்கு முன்பே அளந்த விடையைப் படிக்கும் கருவியைப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறோம். ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் இது நடந்து முடிகிறது. பிறகு பதினெட்டு வயதில் ஒரு கணக்கெடுப்பு வந்து கதவைத் தட்டும்போது அதிர்ச்சியடைகிறோம்.

தீப்பெட்டியும் 'கொஞ்சமும்'

"ஏங்க, பாடப்புத்தகத்துல சாண், காலடி எல்லாம் இருக்கே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. மாநிலப் பாடநூலிலும் இருக்கிறது, என்.சி.இ.ஆர்.டி. நூலிலும் இருக்கிறது. மேஜையைச் சாணால் அள, அறையைக் காலடியால் அள, கோடிட்ட இடத்தை நிரப்பு. ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. அடுத்த பக்கத்தில் ஸ்கேல் வந்துவிடும். பந்தியில் இலை ஓரத்தில் உப்பு வைப்பதுபோலச் சாணை வைத்துவிட்டு, உண்மையான சாப்பாடு சென்டிமீட்டர்தான் என்று எல்லோரும் முடிவுசெய்திருக்கிறார்கள். ஆசிரியர் முடிவுசெய்திருக்கிறார், அப்பா அம்மா முடிவுசெய்திருக்கிறார்கள், அதனால் பிள்ளையும் முடிவுசெய்துகொள்கிறது.

அந்த ஒரு பக்கத்துக்குள் என்னென்ன அடைந்துகிடக்கிறது என்று பார்ப்போம். ஆறு வயதுப் பிள்ளையிடம் ஒரு பெஞ்சைக் காட்டி, கைநிறையக் காலித் தீப்பெட்டிகளைக் கொடுங்கள். "இந்த பெஞ்சு எத்தனை தீப்பெட்டி நீளம்?" முதலில் பிள்ளை இடைவெளி விட்டு அடுக்கும். அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறும். வரிசை வளைந்து போகும். தீப்பெட்டி தீர்ந்தால் பக்கத்தில் கிடக்கும் ரப்பரை எடுத்து வைத்துவிட்டு, அதையும் ஒன்றாக எண்ணும். சில பெட்டிகள் நீளவாக்கில் கிடக்கும், சில அகலவாக்கில்.

இதைத்தான் பெரியவர்கள் 'தப்பு' என்று திருத்தப் பாய்கிறோம். பாயாதீர்கள். பக்கத்துப் பிள்ளையையும் அதே பெஞ்சை அளக்கச் சொல்லுங்கள். ஒருத்திக்கு 22 வரும், இன்னொருத்தனுக்கு 27 வரும். ஒரே பெஞ்சு, ஒரே தீப்பெட்டி, எப்படி? அந்தச் சண்டைதான் பாடம். அலகு ஒரே மாதிரி இருக்க வேண்டும், இடைவெளி கூடாது, ஏறக் கூடாது, நேராகப் போக வேண்டும், நடுவில் அலகை மாற்றக் கூடாது. இந்த விதிகளை நாம் கரும்பலகையில் எழுதிப்போட்டால் ஐந்து வரி மனப்பாடம். சண்டைபோட்டுக் கண்டுபிடித்தால் அவர்களுடைய சட்டம்.

அடுத்த நாள் ஒரே ஒரு தீப்பெட்டி மட்டும் கொடுங்கள். இது முற்றிலும் வேறு வேலை. இப்போது பெட்டியைத் தூக்கி வைக்க வேண்டும். தூக்குவதற்கு முன் அது எங்கே முடிந்தது என்று அடையாளம் போட வேண்டும். எத்தனை முறை தூக்கினோம் என்று எண்ண வேண்டும். சாக்பீஸால் கோடு போட்டுப்போட்டு முன்னேறும் பிள்ளை, தனக்குத் தெரியாமலே பெஞ்சின்மேல் ஒரு ஸ்கேல் வரைந்துகொண்டிருக்கிறது.

கடைசியில் பெட்டி முழுசாக உட்கார இடம் இருக்காது. "இருபத்திரெண்டு, அப்புறம் கொஞ்சம்" என்று சொல்லும். அந்தக் 'கொஞ்சத்தை' வீணாக்காதீர்கள். பின்னம் பிறப்பது அங்கேதான். கொஞ்சம் என்றால் பெட்டியில் பாதியா, பாதிக்கும் குறைவா? தமிழில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் சொற்கள் இருக்கின்றன. இவை அளந்து கொடுத்தவர்களும் அளந்து வாங்கியவர்களும் புழங்கிய சொற்கள். நாமோ பீட்சா படத்தை எட்டாக வெட்டிப் பின்னம் சொல்லித்தருகிறோம். பீட்சாவை எவனும் அளப்பதில்லை, தின்கிறான்.

இப்போது அந்த மூன்றரைக்கு வருகிறேன். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் 'வேலிக்கம்பப் பிழை' என்று ஒன்று உண்டு. பத்து மீட்டர் நீள வேலிக்கு மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் எத்தனை கம்பம் வேண்டும்? வாய் பத்து என்று முந்திக்கொள்ளும். விடை பதினொன்று. கம்பங்களை எண்ணுகிறோமா, இடைவெளிகளை எண்ணுகிறோமா என்ற குழப்பம் இது. அனுபவசாலிகளின் நிரலிலும் வந்து உட்காரும். மூன்றரை சொன்ன பிள்ளைகள் செய்தது இதையேதான். இடைவெளிக்குப் பதில் கோடுகளை எண்ணிவிட்டார்கள். தீப்பெட்டியை அடுக்கிய பிள்ளைக்கு இந்தக் குழப்பம் வருவது கடினம். அதன் கையில் இருப்பது கோடு அல்ல, பெட்டி. நீளமுள்ள ஒரு பொருள். சென்டிமீட்டரும் அப்படி நீளமுள்ள ஒரு துண்டுதான் என்பதை ஸ்கேல் மறைத்துவிடுகிறது. கோடும் எண்ணும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. போதாக்குறைக்கு, நம் ஊர் பிளாஸ்டிக் ஸ்கேலில் சுழியத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். பிள்ளைகள் சுழியத்தை விட்டுவிட்டு ஸ்கேலின் விளிம்பிலிருந்து அளப்பார்கள்.

விடைத்தாளில் ஒரே ஒரு எண்

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் வந்தது: 'உன் மேஜை எத்தனை சாண்?' பிள்ளை அளந்து 9 என்று எழுதிக்கொண்டு போனது. சிவப்பு மையில் அடித்து 7 என்று திருத்தி வந்தது. பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த 7 எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது.

யாருடைய சாணுக்கு 7? விடைப்புத்தகம் எழுதியவரின் சாணுக்கா? அளவு என்பது ஏற்கெனவே எங்கோ தீர்மானிக்கப்பட்டு, பெரியவர்களின் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிற எண் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது. தன் கை பொய் சொல்கிறது என்றும் கற்றுக்கொண்டது. இனி அடுத்த முறை அது அளக்காது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்க்கும். புத்திசாலித்தனமான முடிவுதான்.

அந்த ஆசிரியர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி: "உனக்கு ஒன்பது வந்திருக்கு, எனக்கு ஏழு வருது, ஏன்?" சின்னக் கைக்குப் பெரிய எண், பெரிய கைக்குச் சின்ன எண். அலகு சிறுத்தால் எண்ணிக்கை பெருகும். எட்டு வயதுக்கு இது லேசான விஷயமில்லை. மீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றும்போது நூறால் பெருக்குவதா வகுப்பதா என்று பத்தாம் வகுப்புவரை தடுமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் வண்டியைத் தவறவிட்டார்கள்.

இன்னொன்றும் செய்துபார்க்கலாம். 'எண் சாண் உடம்பு' என்கிறோமே, அது உண்மையா? ஒரு பிள்ளையைத் தரையில் படுக்கவைத்துத் தலைக்கும் காலுக்கும் கோடு போடுங்கள். அதன் சாணாலேயே அளந்தால் எட்டுக்குப் பக்கத்தில் வரும். அப்பாவின் சாணால் அளந்தால் ஐந்தோ ஆறோ. அப்பாவை அவருடைய சாணால் அளந்தால் மறுபடியும் எட்டுக்குப் பக்கம். சின்ன உடம்புக்கும் எட்டு, பெரிய உடம்புக்கும் எட்டு! விகிதம் என்ற சொல்லைச் சொல்லாமலே விகிதத்தைக் காட்டிவிடலாம். செலவு: ஒரு சாக்பீஸ்.

முன்னோர் பெருமைக்காரர்களுக்கு

இதுவரை படித்ததும் ஒரு கூட்டம் குஷியாகியிருக்கும். "பாத்தீங்களா, நம்ம முன்னோர் சாணும் முழமும் வெச்சே கோயில் கட்டினாங்க. வெள்ளைக்காரன் மீட்டரக் கொண்டுவந்து கெடுத்துட்டான்." ஐயா, கொஞ்சம் உட்காருங்கள்.

ஆளுக்கொரு சாணை வைத்து ஒரு கோபுரம்கூட எழும்பியிருக்காது. அதனால்தான் பதினாறு சாண் கோல் போன்ற நிலையான அளவுகோல்கள் வந்தன, கோயில் சுவர்களில் கோலின் நீளத்தைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்கும் மரக்காலுக்குப் பெயரே இருக்கிறது: ஆடவல்லான். அது ராஜகேசரி என்ற அளவுக்குச் சமம் என்பதையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார்கள். ஏன் பெயர் வைக்க வேண்டும், ஏன் எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும்? மரக்கால் ஒன்று இல்லை, பல என்பதால். எந்த மரக்காலால் அளப்பது என்ற கேள்வி நெல் விளைவித்தவனுக்கு வயிற்றுக் கேள்வி.

பிரான்ஸிலும் இதே கதைதான். 1789இல் மக்கள் எழுதியனுப்பிய குறைப்பட்டியல்களில் ஒரே அளவு வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. பிரபுவின் பாத்திரம் பெரிதாகிக்கொண்டே போனால் குடியானவன் எங்கே போவான்? மீட்டர் அங்கேதான் பிறந்தது. அதற்கான பிளாட்டினக் கோல் 1799இல் தயாரானது. இந்தியாவில் 1956இல் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் மாறிய படிகளும் சேர்களும் கடைகளிலிருந்து படிப்படியாக வெளியேறின. அது ஏழைக்குக் கிடைத்த நியாயம்.

ஆகவே, சாணுக்குத் திரும்பிப் போகச் சொல்லி நான் கேட்கவில்லை. சாணிலிருந்து மீட்டருக்கு மனிதர்கள் எதற்காக நடந்தார்கள் என்ற வழியைப் பிள்ளையும் ஒரு முறை நடக்கட்டும் என்கிறேன். பூக்காரம்மா முழம் போடும்போது "அக்கா, கைய நல்லா நீட்டி அளங்க" என்று யாரோ சொல்வதைப் பிள்ளை கேட்டிருக்கும். ஏன் அப்படிச் சொல்கிறார்கள்? பூவுக்கு முழம் போதும் என்கிற நாம், பட்டுப்புடவைத் துணிக்கு மட்டும் ஏன் இரும்பு மீட்டர் கோலைத் தேடுகிறோம்? இந்தக் கேள்வியோடு வகுப்புக்குள் வந்தால், மீட்டர் என்பது ஒரு தீர்வு என்று புரியும். கேள்வியே இல்லாமல் வந்தால் அது இன்னொரு மனப்பாடம்.

ஒரு நியாயமான எதிர்வாதம்

எதிர்த்தரப்பில் ஒருவரை நான் மதிக்கிறேன். சிறுபிள்ளைகளின் அளவைக் கல்வியை நீண்ட காலம் ஆராய்ந்த டக்ளஸ் கிளெமென்ட்ஸ், 'முதலில் ஒப்பீடு, பிறகு அன்றாடப் பொருள், கடைசியில் ஸ்கேல்' என்ற படிக்கட்டு வரிசையைக் கேள்விக்குள்ளாக்கினார். சிறு பிள்ளைகளுக்கு ஸ்கேல் பிடிக்கும், அதை அவர்கள் அர்த்தத்தோடு பயன்படுத்தவும் முடியும்; விதவிதமான அலகுகளை மிகச் சீக்கிரம் திணித்தால் குழப்பமே மிஞ்சும் என்பது அந்தத் தரப்பு.

ஒப்புக்கொள்கிறேன். ஸ்கேலை எட்டு வயதுவரை பூட்டிவைக்கச் சொல்லும் கட்சியில் நான் இல்லை. ஒரு வாரம் தீப்பெட்டி, மறுவாரம் வளையல், அதற்கடுத்து புளியங்கொட்டை என்று பொருளை மட்டும் மாற்றிக்கொண்டே போனாலும் பயனில்லை. அது வேடிக்கை. அட்டைப்பெட்டியில் வண்ணக் கட்டைகளைப் போட்டு 'அளவைக் கல்விப் பெட்டி' என்று விற்கிறவர்களுக்கு மட்டுமே லாபம். கேள்வி, கையில் இருப்பது தீப்பெட்டியா ஸ்கேலா என்பதல்ல. இந்த அலகு எத்தனை முறை அதற்குள் போகும் என்று பிள்ளை கேட்கிறதா என்பதுதான்.

மாஸ்கோவில் 1960களில் வசீலி தவீதவ் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய பாடத்திட்டத்தில் பிள்ளைகள் எண்ணையே அளவிலிருந்துதான் அடைகிறார்கள். முதலில் எண்ணே கிடையாது: இந்தக் கயிறு நீளமா அந்தக் கயிறு நீளமா, இந்தப் பாத்திரத்தில் தண்ணீர் அதிகமா அதில் அதிகமா. பிறகு பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவர முடியாத இரண்டு பொருள்களை ஒப்பிடச் சொல்வார்கள். நடுவில் ஒரு தூதர் தேவைப்படுகிறது. அந்தத் தூதர்தான் அலகு. அது எத்தனை முறை போகிறது என்பதுதான் எண். ஹவாய் பல்கலைக்கழகத்தில் 'மெஷர் அப்' என்ற பெயரில் இதைத் தழுவிப் பாடம் நடத்தினார்கள். இந்த வழியில் வரும் பிள்ளைக்குப் பின்னம் என்பது புதிய மிருகம் அல்ல. அலகு முழுசாகப் போகாத இடம், அவ்வளவுதான்.

வளர்ந்த பிறகு என்ன ஆகும்?

"சரி, பென்சில் நீளம் தெரியாட்டி என்ன குடி முழுகிடும்? இப்ப போன்லயே அளக்கலாமே." இந்தக் கேள்வி என் அலுவலக நண்பர்களிடமிருந்தே வரும். அவர்களுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

மென்பொருள் குழுக்களில் வேலையின் அளவை மதிப்பிட 'ஸ்டோரி பாயின்ட்' என்று ஓர் அலகு வைத்திருக்கிறோம். இந்த வேலை 3 பாயின்ட், அந்த வேலை 8 பாயின்ட். அது அந்தக் குழுவின் சாண். அந்தக் குழுவுக்குள் மட்டும் செல்லும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மேலாளர் வந்து, "அந்த டீம் 60 பாயின்ட் முடிச்சிருக்கு, நீங்க ஏன் 40?" என்று கேட்பார். பொறியியல் பட்டம் வாங்கியவர், பெரிய சம்பளம் வாங்குகிறவர், இரண்டு பேருடைய சாணை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த காலாண்டில் என்ன நடக்கும்? குழு தன் சாணைச் சுருக்கிக்கொள்ளும். 40 பாயின்ட் வேலைக்கு 70 என்று எழுதும். அலகு சிறுத்தால் எண்ணிக்கை பெருகும். இரண்டாம் வகுப்பு மேஜை.

வீடு வாங்கப் போகிறீர்கள். 1,000 சதுர அடி என்கிறார்கள். எதை எதைச் சேர்த்து? படிக்கட்டு, லிஃப்ட், வராந்தாவில் உங்கள் பங்கு எல்லாம் சேர்த்த 'சூப்பர் பில்ட்-அப்'பா, பாய் விரிக்கிற தரை மட்டுமா? சதுர அடி என்ற அலகு ஏமாற்றவில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் ஏமாற்று. பொருளைச் சுழியத்திலிருந்து கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டார்கள். முடிகிற இடத்து எண்ணை மட்டும் படிக்கப் பழகியவர் இருபது வருடம் கடன் கட்டுவார்.

கடன் செயலி தரும் மதிப்பெண், கல்லூரிகளின் தரவரிசை, செய்தியில் வரும் சதவீதம் என்று நம் தலைமுறை அளக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எது அலகு, எங்கே தொடங்கியது, யார் கையால் அளந்தார்கள் என்று கேட்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அசர் அறிக்கையில் அந்த 46 பேர் தவறவிட்டது ஒரு பொருளின் நீளத்தை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

என்ன செய்யலாம்

ஆசிரியரை மட்டும் குறைசொல்வது சுலபம். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில், நாற்பது பிள்ளைகள் தீப்பெட்டியோடு தரையில் தவழ்ந்தால் சத்தம் வரும். பார்வையிட வருகிறவர் சத்தத்தைப் பார்ப்பாரா, அந்தச் சண்டைக்குள் நடக்கும் கணக்கைப் பார்ப்பாரா? அதனால் என் முதல் கோரிக்கை மேலே இருப்பவர்களுக்கு. சாண், காலடி, டம்ளர் பாடங்களுக்கு விடைக்குறிப்பில் எண் போடாதீர்கள். 'பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஏன் மாறுகிறது என்று கேட்கவும்' என்று ஒரு வரி போதும். அந்த ஒரு பக்கப் பாடத்துக்கு இரண்டு வாரம் கொடுங்கள்.

இரண்டாவது, பெற்றோருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் இன்ச்சைச் சென்டிமீட்டராக மாற்றுகிறான் என்று பதறாதீர்கள். சமையலறையில் ஒரு சொம்பும் ஒரு டம்ளரும் கொடுத்து, சொம்பு எத்தனை டம்ளர் என்று கேளுங்கள். தரை ஈரமாகும், துடைத்துக்கொள்ளலாம். டம்ளரை மாற்றிக் கொடுத்து, விடை கூடுமா குறையுமா என்று ஊற்றுவதற்கு முன்பே கேளுங்கள். சரியா தப்பா என்று நீங்கள் சொல்ல வேண்டாம், தண்ணீர் சொல்லும்.

மூன்றாவது, ஸ்கேல். முதலில் பிள்ளையே ஒரு ஸ்கேல் செய்யட்டும். ஓர் அட்டைத் துண்டில் தீக்குச்சி நீளத்துக்கு ஒரு கட்டம், அடுத்து இன்னொரு கட்டம். எண்ணை எங்கே எழுதுவது, கட்டத்துக்கு நடுவிலா, அது முடிகிற கோட்டிலா? கோட்டில் என்றால் முதல் கோட்டுக்கு என்ன எண்? சுழியம் ஏன் அங்கே இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் வாங்குங்கள். முதல் நான்கு சென்டிமீட்டரை உடைத்துப் போடுங்கள். முனையைத் தேய்த்து மழுக்கி, மிச்சத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, "இதை வெச்சு இந்தப் பென்சிலை அளந்து சொல்லு" என்று கேளுங்கள். சொல்லிவிட்டால், முழு ஸ்கேலைத் தாராளமாகக் கையில் கொடுக்கலாம்.